கடிகாரத்தின் முதுகைத் திறப்பது குற்றமா?



விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியை வீட்டிலேயே திறக்கலாமா என்று கேட்டால், நம்மவரிடமிருந்து இரண்டே விடைகள்தாம் வரும். ஒன்று, "கை வைக்காதே!" மற்றொன்று, "காணொலியில் பார்த்தேன், ஐந்து நிமிட வேலைதான்!" இவ்விரண்டு விடைகளும் தவறானவை என்பதே என் கருத்து. வெளிப்பார்வைக்கு இவை ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றலாம். உண்மையில் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கற்காதவரின் அச்சம் முதல் விடை. கற்காதவரின் துணிச்சல் இரண்டாம் விடை.

கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாமும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று பேச வேண்டியவர்கள். ஆனால் நாம் முதல் விடையைச் சொல்லிச் சொல்லியே இரண்டாம் விடையைச் சொல்பவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டத்தில் எழுந்த கேள்வி

சென்ற ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஒரு பரிந்துரையை முன்வைத்தேன். ஓடாத பழைய கடிகாரங்களை வீடுகளிலிருந்து திரட்டி, அறிவியல் கழக நடவடிக்கையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் என் மேற்பார்வையில் அவற்றைத் திறந்து பார்க்கட்டும் என்பதே அது. உடனே ஒரு தந்தை எழுந்தார். "டீச்சர், பிள்ளை இங்கே கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து என்னுடைய ஒமேகாவைத் திறந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். அவையில் சிரிப்பலை எழுந்தது. பரிந்துரை "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலிலிருந்து எதுவும் மீண்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தத் தந்தையின் கேள்வி நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு விடை கேட்கவே யாரும் விரும்பவில்லை என்பதுதான் என் குறை. பயிற்சிக் கழகத்துப் பட்டறையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம், எந்தப் பொருளையும் திறக்குமுன் அது எவ்வாறு மூடப்பட்டிருக்கிறது என்று பார் என்பதாகும். அந்தப் பாடத்தைக் கொண்டே அந்தத் தந்தையின் ஒமேகாவுக்கும் விடை சொல்ல முடியும். அதை இங்கே முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லா மூடியும் ஒரே மூடியன்று

கடிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பொதுவாக ஐந்து வகைகளைக் காணலாம்.

1. அழுத்திப் பொருத்திய மூடி. விளிம்பில் எங்கேனும் ஒரு நகக்கண் அளவுப் பள்ளமோ மெல்லிய உதடு போன்ற நீட்சியோ இருக்கும்.

2. திருகி மூடும் மூடி. சுற்றிலும் சம இடைவெளியில் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். மூன்று கால்கள் கொண்ட திறப்பானை அப்பள்ளங்களில் பொருத்தி, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருக வேண்டும்.

3. விளிம்பு முழுவதும் வரிவரியாகச் செதுக்கப்பட்ட திருகு மூடி. ரோலெக்ஸ் நிறுவனம் 1926இல் அறிமுகப்படுத்திய 'ஆய்ஸ்டர்' வகைக் கடிகாரங்களின் மூடி இத்தகையது. இதற்கு அந்த விளிம்போடு பல்லுக்குப் பல் பொருந்தும் தனி வளையக் கருவி வேண்டும். அளவு சற்றே மாறினாலும் வரிகள் தேய்ந்து போகும்.

4. சிறு திருகாணிகளால் பூட்டிய மூடி. செவ்வகக் கடிகாரங்கள் பலவற்றில் இதைக் காணலாம். கார்ட்டியே நிறுவனத்தின் 'சாந்தோஸ்' வரிசையிலும் காணலாம்.

5. மூடியே இல்லாத கடிகாரம். ஆம், அப்படியும் உண்டு! சீக்கோ நிறுவனம் 1975இல் வெளியிட்ட 600 மீட்டர் முக்குளிப்புக் கடிகாரத்தின் கூடு ஒரே துண்டு டைட்டானியத்தால் ஆனது. அதன் இயந்திரத்தைக் கண்ணாடிப் பக்கமாகத்தான் எடுக்க முடியும். இதை அறியாதவர் பின்புறத்தில் கத்தியை நுழைத்து இடைவெளியைத் தேடிக்கொண்டே இருப்பார்.

இன்னொரு சான்று சொல்கிறேன். ஓடெமார் பிகே நிறுவனம் 1972இல் வெளியிட்ட 'ராயல் ஓக்' கடிகாரத்தின் முகப்பில் எட்டுத் திருகாணித் தலைகள் எடுப்பாகத் தெரியும். திருப்புளியை வைத்துத் திருகச் சொல்லி அழைப்பவைபோல் அவற்றில் பிளவும் உண்டு. ஆனால் அவற்றின் தலைகள் அறுகோண வடிவின. அறுகோணப் பள்ளங்களில் அமர்ந்திருப்பவை. எனவே முன்பக்கத்திலிருந்து அவை சுழலவே சுழலா. இறுக்குவதும் தளர்த்துவதும் பின்பக்கத்தில்தான் நடைபெறும். வலிமையை நம்பியவர் அந்தத் தலைகளைச் சிதைப்பார். வடிவத்தைப் பார்த்தவர் கையை எடுத்துக்கொள்வார்.

இந்த ஐந்து வகைகளையும் பிரித்தறிய ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். அதன் பிறகு அந்தப் பிள்ளை தந்தையின் ஒமேகாவை எடுத்துப் பார்த்தால், "இதற்கு வேண்டிய கருவி நம் வீட்டில் இல்லை" என்று சொல்லும். தடை விதிக்கப்பட்ட பிள்ளையோ சமையலறைக்குச் சென்று கத்தியைத் தேடும். எந்தப் பிள்ளையிடம் உங்கள் கடிகாரம் பாதுகாப்பாக இருக்கும்? பெற்றோரே முடிவு செய்யுங்கள்.

ஐந்து நிமிட வேலை என்பார்க்கு

இனி, துணிச்சல்காரர்களிடம் வருகிறேன். காணொலியில் மூடி 'டக்'கென்று திறந்துகொள்ளும். அந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை பல காணொலிகளில் வெட்டப்பட்டிருக்கும்.

முதலில் வாரைக் கழற்ற வேண்டும். உலோக வார் இருந்தால் கடிகாரம் மேசையில் நிலையாக நிற்காது. கருவி வழுக்கும் விபத்துகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. பின்னர்ப் பின்மூடியின் விளிம்பில் சேர்ந்துள்ள அழுக்கை மென்மையான தூரிகையால் அகற்ற வேண்டும். இல்லையேல் திறந்தவுடன் அவ்வழுக்கு இயந்திரத்துக்குள் விழும். மூடியைச் சுற்றியுள்ள பளபளப்பான உலோகத்தின்மேல் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். கடிகாரத்தைக் கையில் பிடிக்காமல், அதற்குரிய சிறு பிடிகட்டையில் பொருத்த வேண்டும்.

அழுத்து மூடிக்குச் சமையற்கத்தி ஒருபோதும் ஆகாது. அதன் அலகு கூர்மையானது, நீண்டது, வளையக்கூடியது. வழுக்கினால் முதலில் கடிகாரத்தில் கோடு விழும். அடுத்து, அதைப் பிடித்திருக்கும் உள்ளங்கை கிழியும். இதற்கென விற்கப்படும் கத்தி குட்டையானது, தடித்தது, முனை மழுங்கியது. அதைப் பள்ளத்தில் வைத்துத் தள்ளக்கூடாது. மெல்லத் திருப்பி நெம்ப வேண்டும். விசை எப்போதும் கையை விட்டு விலகும் திசையில் இருத்தல் வேண்டும்.

திருகு மூடிக்கு முதலில் ஒட்டும் தன்மையுள்ள ரப்பர்ப் பந்தை மூடியின்மேல் அழுத்தித் திருகிப் பார்ப்பது நல்லது. அளவுக்கு மீறி இறுக்கப்படாத மூடி பல வேளைகளில் அதற்கே இணங்கிவிடும். அதில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. கீறலுக்கு வாய்ப்பும் குறைவு. இணங்காவிட்டால்தான் மூன்று கால் திறப்பானை நாட வேண்டும். அதன் கால்கள் பள்ளங்களில் முழுமையாக அமர்ந்த பிறகே, மேலிருந்து அழுத்தியவாறு திருக வேண்டும். முதல் முயற்சியில் திறக்கவில்லையா? நிறுத்துங்கள். இரண்டாம் முறை கூடுதல் வலிமையுடன் முயல்பவர்தாம் மூடியில் வெள்ளிப் பிறை போன்ற கீறலைப் பரிசாகப் பெறுகிறார். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சும்மா சொல்லவில்லை.

மூடி திறந்ததும் உள்ளே இருப்பது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அக்கம்பி தலைமுடியினும் மெல்லியது. திருப்புளி ஒரே ஒரு முறை அதன்மேல் வழுக்கினால் போதும், கடிகாரம் நின்றுவிடும். மின்கலத்தை உலோக இடுக்கியால் இரு பக்கமும் சேர்த்துப் பிடித்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். ஆகவே நெகிழி இடுக்கிதான் ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள விரல் எங்கும் படக்கூடாது. இயந்திரக் கடிகாரத்திலோ, இடவலமாக ஊசலாடும் சிறு சக்கரமும் அதன் நடுவே முடியளவு மெல்லிய சுருள்வில்லும் இருக்கும். அந்தச் சுருளைத் தொட்டுக் கெடுத்தவர் வீட்டில் அதைச் சரிசெய்ய இயலாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்கலம் மாற்றுவதற்காகத் தானியங்கிக் கடிகாரத்தைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்! கை அசைவால் முறுக்கேறும் அக்கடிகாரத்தில் மின்கலமே இல்லை. சில நாள் கட்டாமல் வைத்திருந்தால் அது நிற்கத்தான் செய்யும். குமிழைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டுக் கையில் கட்டினால் மீண்டும் ஓடும். உள்ளே பார்க்கும் ஆவல்தான் காரணம் என்றால், சீக்கோ 5 வரிசை போன்ற பல கடிகாரங்களில் பின்மூடியே கண்ணாடியால் ஆனது. திறக்காமலேயே பிள்ளைக்குக் காட்டலாம்.

திறப்பது எளிது, மூடுவது அரிது

துணிச்சல்காரர்கள் மறக்கும் பெரிய செய்தி இதுதான். மூடியின் அடியில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். நீரையும் தூசையும் தடுப்பது அந்த வளையமே. அது காய்ந்திருந்தாலோ, தட்டையாகியிருந்தாலோ, மூடும்போது மடிந்து நசுங்கினாலோ, வெளியில் எவ்வளவு மின்னினாலும் அந்தக் கடிகாரம் நீருக்குத் திறந்த வீடுதான். நல்ல நிலையில் இருந்தால் சிலிகோன் பசை சிறிதளவு தடவி, பள்ளத்தில் சீராக அமர்த்தி மூட வேண்டும். பழுதாகியிருந்தால் அதே அளவுள்ள புதிய வளையம் வேண்டும்.

அழுத்து மூடிகள் பலவற்றில் குமிழின் தண்டுக்கென ஒரு வெட்டு உண்டு. அதைத் தண்டுக்கு நேராக வைக்காமல் அழுத்தினால் தண்டு வளையும். விரலால் அழுத்தி மூட இயலாத மூடிகளும் உண்டு. அவற்றுக்கு அழுத்துக் கருவி வேண்டும். அதில் பொருத்தும் வட்டத்தின் அளவு தவறினால் முகப்புக் கண்ணாடி உடையும். திறந்த கடிகாரத்தை மூட முடியாமல், அரைகுறையாய் ஒட்டுநாடா சுற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டில் செய்ய முடியாத ஒன்று எஞ்சி நிற்கும். அதுதான் அழுத்தச் சோதனை. பட்டறையில் கடிகாரத்தை ஒரு கூண்டில் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, கூடு எவ்வளவு நெளிகிறது என்பதை அளந்து, கசிவு உண்டா இல்லையா என்று கண்டறிவார்கள். அச்சோதனை முடியும்வரை, திறந்து மூடிய எந்தக் கடிகாரத்தையும் நீர் புகாக் கடிகாரம் என்று கருதக்கூடாது. மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருப்பது 30 மீட்டர் ஆழத்தில் நீந்துவதற்கான உரிமச் சீட்டன்று. அது புதிய கடிகாரத்தின் தரக் குறியீடு. ரப்பர் வளையத்துக்கு மூப்பு உண்டு; பொறித்த எழுத்துக்கு மூப்பில்லை.

நம் நாட்டின் காற்றையும் எண்ணிப் பாருங்கள். ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். மழை நாளில் சன்னல் ஓரம் அமர்ந்து கடிகாரத்தைத் திறந்து மூடினால், அந்த ஈரக் காற்றையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறோம். பின்னர்க் குளிரூட்டிய அறையில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்வதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

திறக்கவே கூடாதவை

தெரிந்தவருக்கே சில எல்லைகள் உண்டு. அவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

உத்தரவாதக் காலம் முடியாத கடிகாரத்தைத் திறக்காதீர்கள். 2015 ஜூலை முதல் விற்பனையான ரோலெக்ஸ் கடிகாரங்களுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. பிறர் கைபட்டால் அதை இழக்க நேரும்.

கடலிலோ நீச்சல் குளத்திலோ அணியும் கடிகாரத்தை, அழுத்தச் சோதனைக்கு வழியில்லாமல் திறக்காதீர்கள்.

இயந்திரக் கடிகாரம் நாளுக்குச் சில நிமிடம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதற்காகத் திறக்காதீர்கள். அதன் துடிப்பை அளக்கும் கருவி இல்லாமல் திறப்பதால் எந்தப் பயனும் இல்லை.

தாத்தாவின் பழைய கடிகாரத்தில் எண்களும் முட்களும் இருளில் ஒளிர்வதற்காகப் பூச்சு பூசப்பட்டிருந்தால், அதையும் வீட்டில் திறக்காதீர்கள். 1960களுக்கு முன் அத்தகைய பூச்சுகளில் ரேடியம் பயன்படுத்தப்பட்டது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். இப்போது அது ஒளிரவில்லை என்றால் ஒளிரும் பொருள் தேய்ந்துவிட்டது என்றுதான் பொருள், கதிர்வீச்சு ஓயவில்லை. அப்பூச்சு உதிர்ந்து தூளாகி உள்ளே கிடக்கலாம். அதை மூச்சில் இழுப்பதும் விரலில் ஒட்டிக்கொண்டு உண்பதும் தீங்கு. 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டால் கூராக்கி இந்தப் பூச்சைப் பூசிய பெண்கள் பலர் தாடை எலும்பு அழுகி மாண்டனர் என்பது வரலாறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய மின்கலத்தைச் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பொத்தான் போன்ற அந்தக் கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. தீர்ந்துபோன கலத்தின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, தனியே பத்திரப்படுத்தி அப்புறப்படுத்துங்கள்.

இப்பட்டியலைப் படித்தவர்கள் ஒன்றைக் கேட்பார்கள். "இத்தனையும் கூடாது என்றால் கை வைக்காதே என்பதுதானே சரி?" இல்லை, ஐயா. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணத்தோடு கூடிய 'வேண்டாம்' என்பது அறிவு. காரணமில்லாத 'வேண்டாம்' என்பது அதட்டல். அதட்டலுக்கு ஆயுள் மிகக் குறைவு. அதட்டியவர் வீட்டை விட்டு வெளியே செல்லும் வரைதான் அது செல்லுபடியாகும்.

அன்றியும், கை வைக்காமல் இருப்பதே கடிகாரத்தைக் கெடுப்பதும் உண்டு. தந்தை பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த விலையுயர்ந்த குவார்ட்ஸ் கடிகாரம் நின்றுவிட்டது. "பத்திரமாக இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துவிட்டோம். உள்ளே தீர்ந்த மின்கலம் ஆண்டுக்கணக்கில் கிடந்து கசிந்து, மின்சுற்றை அரித்துவிடுகிறது. யாரும் தொடாததால் அழிந்த கடிகாரம் அது! நமக்குத் திறக்கத் தெரியாவிட்டால், திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கலத்தையாவது எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்வதற்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

எனவே, அந்தத் தந்தைக்கு என் விடை இதுதான். உத்தரவாதம் முடிந்த, சாதாரண அழுத்து மூடியோ பள்ளத் திருகு மூடியோ கொண்ட குவார்ட்ஸ் கடிகாரமாக இருந்து, சரியான கருவியும் கையிலிருந்து, மலிவான பழைய கடிகாரங்கள் பத்தையாவது பழுதின்றித் திறந்து மூடிப் பழகியிருந்தால், அதையும் வீட்டில் திறக்கலாம். அதன்பின் அழுத்தச் சோதனை முடியும்வரை நீரில் படாமல் அணிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் திறக்க வேண்டாம். விலையுயர்ந்த கடிகாரங்களில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளைத் தாண்டமாட்டா. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கே கல்வி வேண்டும் என்கிறேன்.

'கை வைக்காதே' யாருக்கு நன்மை?

பெற்றோரின் அச்சத்துக்குப் பின்னால் ஒரு வணிகமும் இருக்கிறது. புகழ்பெற்ற கடிகார நிறுவனங்கள் பல, தங்கள் உதிரிப் பாகங்களைத் தாங்கள் ஏற்றுக்கொண்ட பட்டறைகளுக்கு மட்டுமே வழங்குகின்றன. தனித்தொழில் செய்யும் பழுதாளர் எத்துணைத் திறமை படைத்தவராயினும் அவருக்குப் பாகம் கிடைப்பதில்லை. ஐரோப்பாவில் கடிகாரப் பழுதாளர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004இல் இதை எதிர்த்து ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. 2008இல் ஆணையம் அம்முறையீட்டைத் தள்ளியது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஆணையத்தின் அம்முடிவை நீக்கியது. 2014இல் ஆணையம் மீண்டும் தள்ளுபடி செய்தது. 2017இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டம் நிறுவனங்களுக்குச் சாதகமாக முடிந்தது.

தரத்தைக் காக்கவே இந்தக் கட்டுப்பாடு என்று நிறுவனங்கள் கூறுகின்றன. போலிப் பாகங்கள் மலிந்த உலகில் அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவருக்குத் தன் பொருளின் உள்ளே இருப்பது தெரியவே கூடாது என்பது தரக் கட்டுப்பாடு ஆகாது. உள்ளே இருப்பதை அறியாதவரிடம் எந்தக் கட்டணமும் கேட்கலாம். எந்தப் பழுதும் இருப்பதாகச் சொல்லலாம். அவர் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் பட்டணங்களில் கடைவரிசையின் ஐந்தடியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்த பழுதாளர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்களிடம் தொழில் பயில யார் வருகிறார்கள்? 'கை வைக்காதே' என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அந்த நாற்காலியில் எப்படி அமரும்?

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

சக ஆசிரியர்களே, இது நம்மை நோக்கியும் எழுப்ப வேண்டிய கேள்வி. முன்பு வாழ்வியல் திறன் பாடத்தில் பொருள்களைப் பிரிப்பதற்கும் பூட்டுவதற்கும் பயிற்சி இருந்தது. இன்றும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் நம் கால அட்டவணையில் இருக்கிறது. பாடத்தின் பெயரில் குறையில்லை. அதை நாம் நடத்தும் முறையில்தான் குறை. கருவிகளின் பெயரை எழுதுதல், படத்துக்கு வண்ணம் தீட்டுதல், பயிற்றியை நிரப்புதல் என்று அந்தப் பாடவேளை கழிகிறது. தேர்வு நெருங்கினால் அதுவும் கணிதத்துக்கோ மொழிக்கோ தாரை வார்க்கப்படுகிறது. திருப்புளி என்று பிழையின்றி எழுதத் தெரிந்த மாணவனுக்கு, அதன் அகலம் திருகாணியின் பிளவோடு பொருந்த வேண்டும் என்பது தெரியவில்லை. இதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் நமக்கும் கவலையில்லை.

ஓடாத ஒரு பழைய கடிகாரத்துக்குள் எத்தனை பாடங்கள்! குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். விடை ஒன்று வரும். அந்த ஒன்றுதான் நொடி முள்ளின் ஓரடி. எந்தப் பயிற்றியில் இருக்கும் வகுத்தல் கணக்கு இதற்கு ஈடாகும்? பற்சக்கரங்களின் பல்லை எண்ணினால் விகிதம். ரப்பர் வளையத்தைக் காட்டினால் பொருள்களின் தன்மை. திறந்த முறையை வரிசையாக எழுதச் சொன்னால் அதுவே தமிழ்க் கட்டுரை. முதலில், அடுத்து, அதன் பின்னர் என்ற இடைச்சொற்கள் உண்மையான தேவையோடு வந்து அமரும்.

பெரிய செலவும் இல்லை. மழுங்கிய முனைக் கத்தி, ரப்பர்ப் பந்து, பிடிகட்டை, நெகிழி இடுக்கி, சில தட்டுகள் ஆகியவை போதும். ஒரு மேசைக்கு நான்கு பேர். மின்கலங்களை ஆசிரியரே முன்கூட்டி அகற்றி, எண்ணிப் பூட்டி வைத்துவிட வேண்டும். ஒளிப்பூச்சுள்ள பழங்கடிகாரங்களை ஏற்கக்கூடாது. கண்ணாடி உடைந்தவற்றையும் தவிர்க்க வேண்டும். முதல் நாள் திறக்கவே கூடாது. ஐந்து வகை மூடிகளையும் பார்த்து, எழுதி, வகைப்படுத்தட்டும். இரண்டாம் நாள் திறக்கட்டும். திறந்ததை மூடி, மூடியதை மேசையில் வைக்கும் வரை அந்த நடவடிக்கை முடிந்ததாகக் கருதக்கூடாது.

பெற்றோரிடம் நான் வேண்டுவது இன்னும் எளிது. உங்கள் விலையுயர்ந்த கடிகாரத்தைப் பூட்டி வையுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் பூட்டுவதற்கு முன் பிள்ளையை அருகில் அழைத்து அதைப் புரட்டிக் காட்டுங்கள். இது எவ்வகை மூடி, இதற்கு என்ன கருவி வேண்டும், ஏன் நாம் இதைத் திறக்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து கண்டறியுங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். பின்னர் ஒரு பழைய மலிவுக் கடிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, நீங்களும் அருகில் அமருங்கள்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையை அடுத்த தவணையிலேனும் வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர்களையும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இத்தகைய பரிந்துரைகளைச் சிரித்துத் தள்ளாமல் நிபந்தனைகளோடு விவாதிக்க வேண்டும் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம். காரணத்தைச் சொல்லி மறுங்கள். அதைத்தான் பிள்ளைகளும் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள்.